ரப்பர் பாலின் பிஎச், காரத்தன்மை அளப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் காலை பத்தரை மணிக்கு ஒரு பால் சேகரிப்புக் கொட்டகையில் நின்று பாருங்கள். எல்லா வாளியும் ஒன்றுபோலவே தெரியும். வெள்ளை வெளேரென்ற பால், மேலே கொஞ்சம் நுரை. மதியத்துக்குள் ஒரு வாளியின் ஓரத்தில் தயிர்த்துண்டு மாதிரி சின்னச் சின்னக் கட்டிகள் மிதக்க ஆரம்பிக்கும். பக்கத்து வாளியிலோ பால் மாலை வரை தண்ணீராக ஓடும். அந்த வித்தியாசம் பத்தரை மணிக்கே பாலுக்குள் தொடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை, மூக்குக்கும் எட்டவில்லை. பிஎச் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ரப்பர் பால் ஆய்வக மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். பாலை உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கும் சிறு விவசாயி, பேரலில் பால் விற்பவர், பலூனும் கையுறையும் செய்யும் சிறு பட்டறைக்காரர் என மூன்று பேரையும் மனதில் வைத்திருக்கிறேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிஎச் வேறு, காரத்தன்மை வேறு. பிஎச் என்பது பால் இந்த நிமிடம் அமிலப் பக்கமா (7-க்குக் கீழே), காரப் பக்கமா (7-க்கு மேலே), எங்கே நிற்கிறது என்று சொல்லும். பால் உறையாமல் காப்பாற்ற நாம் ஊற்றிய அமோனியா எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்று சொல்வது காரத்தன்மை. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணியதால்தான் நல்ல பால் திருப்பி அனுப்பப்படுவதையும், கெட்ட பால் உள்ளே வருவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பாலுக்குள் என்ன நடக்கிறது

மரத்திலிருந்து சொட்டும் பாலின் பிஎச் ஏறக்குறைய 6.5 முதல் 7 வரை இருக்கும். ரப்பர் துகள்களைச் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிடும் ஒரு மெல்லிய உறையாகப் போர்த்தியிருக்கின்றன. அந்த உறைக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் பால் பாலாக இருக்கிறது.

சிரட்டையிலும் வாளியிலும் இருக்கும் பாக்டீரியா, பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அசிட்டிக், ஃபார்மிக், புரோப்பியானிக் போன்ற ஆவியாகும் அமிலங்களை உண்டாக்கும். பிஎச் இறங்க இறங்க மின்னூட்டம் குறையும். 5-ஐ நெருங்கும்போது துகள்கள் ஒட்டிக்கொள்ளும், பால் உறையும். ஷீட் போடும்போது ஃபார்மிக் ஆசிட் ஊற்றி நாம் வேண்டுமென்றே செய்வதும் இதையேதான். அமோனியா ஊற்றுவது இதற்கு நேர் எதிரான வேலை. அது பிஎச்சை 10-க்கு மேலே தூக்கி, பாக்டீரியாவையும் அடக்குகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆசிட்டை மிக அதிகமாக, ஒரே மூச்சில் ஊற்றினால் பால் உறையும் எல்லையைத் தாண்டிப் போய்விடும். துகள்கள் நேர்மின்னூட்டம் பெற்று மறுபடியும் தள்ளிக்கொள்ள ஆரம்பிக்கும். பிஎச் 3-க்குக் கீழே பால் உறையாமல் நிற்பதைப் பார்த்து, ஆசிட் போதவில்லை என்று இன்னும் ஊற்றுகிறவர்கள் உண்டு.

மாதிரி எடுப்பது

அளவு தப்புவது பெரும்பாலும் மீட்டரில் அல்ல, மாதிரியில்தான். பேரலில் நின்ற பாலில் ரப்பர் மேலே ஏடு கட்டும், அடியில் சேறு தங்கும். பாலில் உள்ள மக்னீசியமும் அமோனியாவும் பாஸ்பேட்டும் சேர்ந்து வீழ்படிவாவதால் வருவதுதான் அந்தச் சேறு. மேலே இருந்து ஒரு கரண்டி மொண்டால் அது பேரலின் மாதிரி ஆகாது. மெதுவாக, நுரை எழும்பாமல், அடிவரை போகும் துடுப்பால் கலக்குங்கள். காற்றை அடித்து ஏற்றுவது போலக் கலக்கினால் அமோனியா பறந்துவிடும்.

மாதிரிக் குப்பி கண்ணாடி அல்லது பாலித்தீனாக இருக்கட்டும், வாய் சிறியதாக இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பி உடனே மூடுங்கள். பாதிக் குப்பிப் பாலை வெயிலில் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தால், அமோனியாவில் ஒரு பங்கு மூடியைத் திறந்த கணமே முகத்தில் அடித்துவிட்டுப் போய்விடும். கட்டி, மரப்பட்டைத் துணுக்கு இருந்தால் அளப்பதற்கு முன் வலையில் வடிகட்டுங்கள்.

அமோனியா உள்ள பேரலைத் திறக்கும்போது காற்று வீசும் பக்கம் முதுகு இருக்கட்டும். கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, மருத்துவரிடம் போக வேண்டும். இதில் அலட்சியம் வேண்டாம்.

மீட்டர் இல்லாதவர்களுக்கு

பிஎச் தாள் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதைப் பாலில் முக்கி எடுத்து மேல்பக்கத்தைப் பார்க்காதீர்கள். வெள்ளைப் பால் தாளை மூடி நிறத்தை மறைத்துவிடும். தாளின் நுனியை மட்டும் தொடவிட்டு அரை நிமிடம் பொறுங்கள். பாலில் உள்ள தெளிநீர் மட்டும் தாளில் மேல்நோக்கி ஊறும். ரப்பர் கீழேயே தங்கிவிடும். அந்த ஈரக்கோட்டின் நிறத்தை, அல்லது தாளின் பின்பக்கத்தை, அட்டையோடு ஒப்பிடுங்கள். அரை எண் முன்னே பின்னே இருக்கும். அமோனியா சேர்த்த பாலுக்கு இது போதாது. காலைப் பால் அமிலப் பக்கம் சாய்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ளப் போதும்.

ஷீட் போடுபவர்களுக்கு இதைவிட நல்ல வழி புரோமோகிரசால் பச்சை என்ற சாயம். பிஎச் 3.8-க்குக் கீழே மஞ்சள், 5.4-க்கு மேலே நீலம், நடுவில் பச்சை. டிஷ்ஷில் உறைந்த பாலின் ஓரத்தை விரலால் அழுத்தி, கசியும் நீரில் ஒரு சொட்டு விடுங்கள். பச்சை வந்தால் ஆசிட் சரி. நீலம் என்றால் போதவில்லை. அப்போது பெரும்பாலும் கசியும் நீரும் கலங்கல் வெள்ளையாகவே இருக்கும், அதில் உங்கள் ரப்பர் வீணாகப் போகிறது. மஞ்சள் என்றால் ஆசிட் கூடிவிட்டது. ஷீட் கடினமாகி ரோலரில் மக்கர் செய்யும். சரியாகக் கழுவாவிட்டால் அந்த மிச்ச ஆசிட் ஷீட்டிலேயே தங்கும். ஒரு வாரம் தினமும் இந்தச் சொட்டைப் போட்டுப் பார்த்தாலே, உங்கள் தோட்டத்துப் பாலுக்கு எவ்வளவு ஆசிட் தேவை என்பது கைக்கு வந்துவிடும். மழைக்காலத்தில் பால் நீர்த்துப்போகும், அப்போது கணக்கு மாறும். அதையும் இந்தப் பச்சை சொல்லிவிடும்.

மீட்டரைத் தயார் செய்வது

கண்ணாடிக் குமிழ் உள்ள எலக்ட்ரோடு, வெப்பநிலை உணரி உள்ள மீட்டர், இவ்வளவு போதும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். எலக்ட்ரோடின் சந்தி, அதாவது உள்ளிருக்கும் உப்புக்கரைசல் கசிந்து வரும் இடம், நுண்துளைப் பீங்கானாக இருந்தால் ரப்பர் பால் சீக்கிரம் அடைத்துவிடும். கழற்றிக் கழுவும் உறைச்சந்தி, அல்லது திறந்த சந்தி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடும். ஆனால் பல மாதம் கூடுதலாக உழைக்கும்.

மீட்டரைச் சரிபார்க்க, பிஎச் தெரிந்த கரைசல் வேண்டும், அதுதான் பஃபர். நம் கடைகளில் 4.0, 7.0, 9.2 என மூன்று பஃபர் மாத்திரைகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைக்கலாம். ஷீட் நீருக்கு 7-உம் 4-உம் போதும். அமோனியா பாலுக்கு 7-உம் 9.2-உம் வைத்துத்தான் பலரும் ஓட்டுகிறார்கள். ஆனால் உங்கள் பால் 10.4-இல் நிற்கிறது, அளவுகோல் 9.2-இல் முடிந்துவிடுகிறது. முடிந்தால் 10.01 பஃபர் ஒன்று வாங்கி வையுங்கள். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக் கீழே இறங்கும். திறந்த பாட்டிலை மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஊற்றியதைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றவும் கூடாது.

முதலில் 7, பிறகு 9.2 அல்லது 10. நடுவில் காய்ச்சி வடித்த நீரில் அலசி, மெல்லிய தாளால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. மீட்டர் காட்டும் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் ஒரு பிஎச் அலகுக்கு 59.16 மில்லிவோல்ட் வர வேண்டும், அதுதான் நூறு சதவீதம். 95-க்கு மேல் இருந்தால் நிம்மதியாக அளக்கலாம். 90-க்குக் கீழே போனால், சுத்தம் செய்தும் ஏறாவிட்டால், எலக்ட்ரோடுக்கு வயதாகிவிட்டது. மாற்றிவிடுங்கள்.

அளப்பது

மாதிரியையும் பஃபரையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். இது சடங்கு இல்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன். மீட்டரில் உள்ள வெப்பநிலைத் திருத்தம் எலக்ட்ரோடின் சாய்வை மட்டுமே திருத்தும். பாலுக்குள் நடக்கும் மாற்றத்தை அது திருத்தாது. அமோனியா கரைசலின் பிஎச் ஒரு டிகிரி ஏறினால் ஏறக்குறைய 0.03 இறங்கும். காலையில் 25 டிகிரியில் 10.4 காட்டிய அதே பால், சித்திரை வெயிலில் 35 டிகிரியில் 10.1 காட்டும். பால் கெட்டதால் இறங்கியது என்று நினைத்து அமோனியாவைக் கூடுதலாகத் திறந்துவிட்டு, மறுநாள் காலையில் திருதிருவென விழித்தவர்களை எனக்குத் தெரியும். எனவே பிஎச் எழுதும் இடத்தில் வெப்பநிலையையும் எழுதுங்கள். நம் ஊருக்கு 27 டிகிரி என்று நிர்ணயித்துக்கொண்டால் நடைமுறைக்கு வசதி.

பாலை நீர்க்கவிடாமல் அப்படியே அளக்க வேண்டும். கிணற்றுநீர் கலந்தால் அதிலுள்ள சுண்ணாம்பும் கரியமில வாயுவும் எண்ணை மாற்றும். 50 மி.லி. பீக்கரில் குமிழும் சந்தியும் மூழ்கும் அளவு பால் எடுத்து, எலக்ட்ரோடை முதலில் அதே பாலில் ஒருமுறை நனைத்து அந்தப் பாலைக் கொட்டிவிடுங்கள். புதிதாக ஊற்றி, எலக்ட்ரோடை விட்டு மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றி, அசைக்காமல் நிறுத்துங்கள். அரை நிமிடத்தில் எண் 0.02-க்கு மேல் நகரவில்லை என்றால் படித்துவிடலாம். புதிதாக இன்னொரு பங்கு ஊற்றி மறுபடி அளங்கள். இரண்டுக்கும் இடையே 0.1-க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் நம்ப வேண்டாம். அறிக்கையில் ஒரு தசம இடம் போதும். 10.37 என்று எழுதுவதால் பால் துல்லியமாகிவிடாது. இந்த முறைக்கான உலகத்தரம் ஐஎஸ்ஓ 976.

கழுவுவது

இந்தப் பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் எனக்குத் திருப்திதான்.

பாலிலிருந்து எடுத்த எலக்ட்ரோடை இரண்டு நிமிடம் காற்றில் தொங்கவிட்டுப் பாருங்கள். குமிழின் மேல் கண்ணாடி போன்ற ஒரு தோல் படியும். பால் வெள்ளை போய், ஈரம் காய்ந்து, ஊடுருவித் தெரியும் தோல் அது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அடுத்த மாதிரியில் விட்டதும் எண் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பத்து நிமிடம் கழித்தும் முந்தைய மாதிரிக்கும் இதற்கும் நடுவில் எங்கோ நிற்கும்.

எனவே எடுத்த உடனே, ஈரம் காய்வதற்குள், ஓரிரு சொட்டு அமோனியா விட்ட காய்ச்சி வடித்த நீரில் முதல் அலசல். பிறகு வெறும் நீரில் இரண்டாவது. முதல் அலசலுக்கு ஆசிட் கலந்த நீரையோ அமில பஃபரையோ தொடவே கூடாது. குமிழின் மேலேயே பால் உறைந்து ஒட்டிவிடும். அமோனியா பால் அளந்துவிட்டு நேராக 4.0 பஃபரில் விடுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்யும் தப்பு.

தோல் படிந்துவிட்டால் விரல் நுனியால் ஓரத்திலிருந்து மெல்ல உருட்டி உரியுங்கள், முழுசாகக் கழன்று வரும். வராவிட்டால், கண்ணாடி உடல் உள்ள எலக்ட்ரோடு என்றால் மட்டும், டொலுவீனில் சில நிமிடம் நுனியை வைத்துத் துடைக்கலாம். பிளாஸ்டிக் உடல் என்றால் டொலுவீன் அதைக் கெடுத்துவிடும். பிறகு 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஓர் இரவு ஊறட்டும். தினசரி வைக்க வேண்டிய இடமும் அதுதான். காய்ச்சி வடித்த நீரில் வைத்தால் எலக்ட்ரோடு சீக்கிரம் செத்துவிடும்.

பிஎச் மட்டும் ஏன் போதாது

ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்துக்கு அருமனைப் பக்கமிருந்து ஒரு சிறு விவசாயி ஒரு பேரல் பால் கொண்டுவந்தார். பல நாள் வெட்டு சேர்ந்த பால். வாசலில் மீட்டர் 9.3 காட்டியது. அமோனியா குறைவு என்று திருப்பச் சொல்லிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. "சாரே, அமோனியா அளந்துதான் ஊத்தினேன். ஒருக்கா கூடப் பாருங்க" என்று மட்டும் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. மாதிரியை உள்ளே எடுத்துப் போய் டைட்ரேஷன் செய்தேன், அதாவது அமோனியாவை முறிக்க எவ்வளவு ஆசிட் செலவாகிறது என்று அளந்தேன். அமோனியா 0.9%. அவர் சொன்னது சரி. வாசலில் இருந்த எலக்ட்ரோடில் நான் மேலே சொன்ன அதே தோல். அன்று அந்தப் பேரல் திரும்பிப் போயிருந்தால் நல்ல பால் காரணமில்லாமல் திருப்பப்பட்டிருக்கும்.

எலக்ட்ரோடு சுத்தமாக இருந்தாலும் பிஎச்சுக்கு ஓர் எல்லை உண்டு. அது மடக்கை அளவு. அம்மோனியம் உப்பு அதேயளவு இருக்க, பாலிலுள்ள அமோனியா பாதியாகக் குறைந்தாலும் பிஎச் 0.3 மட்டுமே இறங்கும். 10.4 எங்கே, 10.1 எங்கே? வெப்பநிலை வித்தியாசத்துக்குள்ளேயே அது ஒளிந்துகொள்ளும். ஆகவே அமோனியா எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் ஆசிட்டை எண்ணித்தான் ஆக வேண்டும்.

காரத்தன்மை: டைட்ரேஷன்

ஐஎஸ்ஓ 125 சொல்லும் முறை இது. சிறு ஆய்வகத்திலும் செய்யலாம். தேவையானவை: 0.01 கிராம் காட்டும் தராசு, ஆசிட்டைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் 50 மி.லி. பியூரெட் குழாய், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், மெத்தில் சிவப்பு என்ற நிறங்காட்டிச் சாயம், ஆசிட் பட்டும் பால் உறையாமல் காக்கும் அயனியற்ற நிலைப்படுத்தியின் 5% கரைசல். நிலைப்படுத்திக்கு வல்காஸ்டாப் எல்டபிள்யூ போன்றது சரிவரும். சோப்புக் கரைசல் ஊற்றாதீர்கள். சோப்பு கொழுப்பமிலத்தின் உப்பு. ஆசிட் பட்டதும் உடைந்து, தானும் ஆசிட்டைக் குடித்து, கணக்கைக் கெடுக்கும். நிலைப்படுத்திக் கரைசலையும் முன்கூட்டியே பிஎச் 6-க்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பீக்கரில் சுமார் 200 மி.லி. காய்ச்சி வடித்த நீர், அதில் 10 மி.லி. நிலைப்படுத்தி. மூடியுள்ள எடைக்குப்பியில் பால் எடுத்து நிறுத்து, 5 கிராம் அளவுக்குப் பீக்கரில் ஊற்றி, குப்பியை மறுபடி நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பாலின் எடை. திறந்த பீக்கரில் நேராக நிறுத்தால், எடை நிலைப்பதற்குள் அமோனியா பறக்கும்.

மெத்தில் சிவப்பு சில சொட்டு விட்டால் பால் இளமஞ்சளாக நிற்கும். கலக்கிக்கொண்டே பியூரெட்டிலிருந்து ஆசிட் விடுங்கள். முதலில் வேகமாக விடலாம். சொட்டு விழும் இடத்தில் இளஞ்சிவப்பு தெரிந்து மறையும், அது மறைய நேரம் எடுக்க ஆரம்பித்ததும் சொட்டுச் சொட்டாக. ஒரு சொட்டில் பீக்கர் முழுக்க ரோஸ்மில்க் நிறத்துக்குத் திரும்பி, அரை நிமிடம் அப்படியே நிற்கும். அதுதான் முடிவு. பின்னால் ஒரு வெள்ளைத் தாளும், பக்கத்தில் சாயம் விட்ட இன்னொரு பீக்கர் பாலும் வைத்துக்கொண்டால் கண் ஏமாறாது. மீட்டர் இருந்தால் சாயத்தை விட்டுவிட்டு பிஎச் 6.0 வரும்வரை டைட்ரேட் செய்யலாம், அது இன்னும் நம்பகம்.

கணக்கு இப்படி: 1.7-ஐ ஆசிட்டின் மோலாரால் பெருக்கி, செலவான மி.லி.யால் பெருக்கி, பாலின் கிராம் எடையால் வகுக்க வேண்டும். 5.12 கிராம் பாலுக்கு 0.1 மோலார் ஆசிட் 21.4 மி.லி. செலவானால் 1.7 × 0.1 × 21.4 ÷ 5.12, அதாவது 0.71%. சல்ஃபூரிக் அமிலம் பயன்படுத்தினால் 0.05 மோலார் எடுங்கள், விடையை இரண்டால் பெருக்குங்கள். ஏனென்றால் அதன் ஒரு மூலக்கூறு இரண்டு அமோனியாவை முறிக்கும்.

வியாபாரத்தில் ஒரு குழப்பம் இங்கே வரும். சிலர் பாலின் எடைக்கு அமோனியா கேட்பார்கள், சிலர் பாலிலுள்ள தண்ணீரின் எடைக்குக் கேட்பார்கள். மொத்தத் திடப்பொருள் 61.5% உள்ள செறிவூட்டிய பாலில் (ஆலையில் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக்கிய பால்) 0.71% என்பது தண்ணீர்க் கணக்கில் 1.84% ஆகிவிடும். எந்தக் கணக்கு என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். இன்னொன்று: பாலில் பொட்டாஷ் காரமும் சேர்த்திருந்தால் டைட்ரேஷன் அதையும் அமோனியாவாகவே எண்ணிவிடும்.

எண்களைப் படிப்பது

புதுப் பால் 6.5-க்குக் கீழே வந்துவிட்டால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. உடனே ஷீட் போடுங்கள், அல்லது அமோனியா சேருங்கள். 6-ஐத் தொட்ட பாலைச் செறிவூட்டும் ஆலைக்கு அனுப்ப அமோனியா ஊற்றுவதில் பயனில்லை. பிஎச் ஏறும், ஆனால் உண்டான அமிலம் உப்பாக உள்ளேயே இருக்கும். இதை அம்பலப்படுத்துவது, பாக்டீரியா உண்டாக்கிய அந்த ஆவியாகும் அமிலங்களை அளக்கும் ஆவியாகும் கொழுப்பமில எண். ஐஎஸ்ஓ 2004 தரத்தில் செறிவூட்டிய பாலுக்கு அது 0.06-ஐத் தாண்டக் கூடாது. பிஎச் 10.3, அமோனியா 0.7%, எல்லாம் அழகாக இருந்தும் இந்த எண் கூடியிருந்தால், அந்தப் பால் ஒருமுறை கெடத் தொடங்கி மீட்கப்பட்டது என்று பொருள்.

செறிவூட்டிய பாலில் அதிக அமோனியா வகைக்குக் குறைந்தது 0.60% இருக்க வேண்டும், குறை அமோனியா வகைக்கு 0.29%-க்கு மேல் போகக் கூடாது. குறை அமோனியா வகையில் பிஎச் கொஞ்சம் தாழ்வாகவே இருக்கும். துத்தநாக ஆக்சைடும் டிஎம்டிடி என்ற ரசாயனமும் சேர்ந்து பாலைக் காவல் காப்பதால் அது குற்றமில்லை. பட்டறைக்காரர்கள் அமோனியாவை ஊதி வெளியேற்றும்போது பிஎச்சையும் டைட்ரேஷனையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். துத்தநாக ஆக்சைடு கலந்த கலவை, அமோனியா குறைந்த நிலையில் கெட்டியாகத் தொடங்கினால் திருப்ப முடியாது.

பதிவேட்டில் தேதி, நேரம், பேரல் எண், வெப்பநிலை, பிஎச், அமோனியா சதவீதம், அன்றைய எலக்ட்ரோடு சாய்வு, இந்த ஏழும் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன சாய்வைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சாய்வு 97, 96, 93 என்று இறங்கிவரும்போதே எலக்ட்ரோடைக் கழுவிவிட்டால் வாசலில் யாருடைய பேரலும் தவறாகத் திரும்பாது.

பால் விற்பவருக்கும் ஒன்று. பேரலைக் கலக்கிய கையோடு 100 மி.லி. குப்பி இரண்டை விளிம்புவரை நிரப்பி, மூடிமேல் தாள் ஒட்டி, வாங்குபவரும் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள். ஒன்று அங்கே, ஒன்று உங்கள் வீட்டில் நிழலான இடத்தில். எண்ணில் சந்தேகம் வந்தால் அந்த வாரத்துக்குள் திறந்து, இருவர் முன்னிலையில் மறுபடி டைட்ரேட் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.